தீ தெரியாத தோட்டாக்கள்

துப்பாக்கி சுடும் அரங்கில் அவளை எல்லோரும் வெந்நீர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு வந்தவள் மாதிரி ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்று நாத்தனார் வைத்த பெயர் அது. வீட்டுக் கேலியாக ஆரம்பித்தது, அவள் கூடவே வேலைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

பல் துலக்கும்போதும் நடப்பாள். தலை பின்னும்போதும் நடப்பாள். உட்கார்ந்து செய்யும் வேலை எதுவும் அவளிடம் தங்கியதில்லை. தையல் கடையில் மிஷின் ஓடியதோ இல்லையோ, அவள் ஓடினாள். போனில் ஆர்டர் எடுக்கும் வேலையில் ஒயர் நீளத்துக்குத்தான் நடக்க முடிந்தது; இரண்டு தடவை ஒயர் பிடுங்கிக்கொண்டது, மூன்றாவது தடவை அவளே பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கடைசியில் நாத்தனார்தான் வழி காட்டினாள். அரங்கின் வரவேற்பு மேசை அவளுடையது. “அண்ணி, நடந்துக்கிட்டே இருந்தா சம்பளம் தர்ற இடம் ஒண்ணு இருக்கு. வர்றீங்களா?”

முதலில் கொடுத்தது துடைப்பம். சுட்ட பிறகு தரையில் சிதறும் பித்தளைக் கூடுகளைப் பெருக்கி, அளவு பிரித்து, வாளி வாளியாகப் போட வேண்டும். காலிபர் என்ற சொல் அவளுக்கு அப்படித்தான் பிடிபட்டது. குழலின் உள்ளகலம், அவ்வளவுதான். ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கி அதில் இருபத்திரண்டு பங்கு அகலம் என்றால் அது இருபத்திரண்டு. நாற்பத்தைந்து பங்கு என்றால் நாற்பத்தைந்து. ஒன்பது என்பது மட்டும் மில்லிமீட்டர் கணக்கு. குனிந்து பொறுக்குகிறவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் விரல் நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டது. இருபத்திரண்டின் கூடு பேனா மூடியின் நுனியைப் போல இருக்கும். நாற்பத்தைந்தின் கூட்டுக்குள் சுண்டுவிரல் போகும்.

பெருக்கியவள் பயிற்சி எடுத்தாள், தேர்வு எழுதினாள், பாதுகாப்பு அதிகாரியானாள். சிவப்பு மேலங்கி வந்தது. சுடுகிறவர்கள் தனித்தனியாக நிற்கும் பத்து லேன்களுக்குப் பின்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க வேண்டும். யாருடைய துப்பாக்கி வாயாவது பக்கவாட்டில் திரும்பினால், யாராவது குனிந்தால், எதுவாவது சரியில்லை என்று பட்டால், “நிறுத்து!” என்று கத்தி, தூணில் இருக்கும் சிவப்பு விளக்கைப் போட வேண்டும். விளக்கு எரிந்தால் எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் வந்துவிட வேண்டும். இது வேலையா, இவளுக்கென்றே யாரோ தைத்துக் கொடுத்த சட்டையா என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

சட்டையில் ஓட்டை காது வழியாக விழுந்தது.

தப்பு அவளுடைய பழக்கத்தில் இருந்தது. புதிதாகச் சுட வருகிறவர்கள் ஏதாவது கேட்டால் காதுக் கவசத்தின் வலது பக்கத்தை அரை விரல் தூக்கி, தலையைச் சாய்த்துக் கேட்பாள். பக்கத்து லேன்காரர் அந்த நேரம் பார்த்துத்தான் சுடுவார். இப்படி ஒரு நாளில் எத்தனையோ தடவை. தூக்காதே என்று பயிற்சியில் சொன்னார்கள்தான். எதிரில் ஒருத்தர் பயந்துபோய் வாயசைத்துக்கொண்டு நிற்கும்போது, “எனக்குக் கேட்காது, போங்க” என்று எப்படிச் சொல்வது? முதலில் வலது காதில் ஒரு ரீங்காரம் வந்து குடியேறியது. வாடகைக்கு வந்தவன் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட கதையாக, மெல்ல இடது பக்கமும் போனது.

வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதுதான் வீட்டில் யாருக்கும் தெரியாது.

“அம்மா, அடுப்புல விசில் கெட்டில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிடுச்சு. கொஞ்சம் இறக்கேன்” என்பாள் மகள்.

“கேட்டுச்சு, கேட்டுச்சு. வேணும்னுதான் விட்டிருக்கேன். நல்லா கொதிக்கட்டும்.”

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் நேராகப் பேச மாட்டார், மாடி மாடியாக ஏறித்தான் வருவார். “நேத்து எதிர்வீட்டுக்காரர் படியில பிடிச்சுக்கிட்டார். ‘சார், நேத்து ராத்திரி உங்க டிவியில செய்தி கேட்டேன், கடைசி செய்தி மட்டும் சரியா புரியல, இன்னொரு தடவை வைக்கச் சொல்லுங்க’ங்கிறார்.”

“அவருக்குக் காது மந்தம் போல” என்றாள் வெந்நீர், ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தபடி.

“என் லிஃப்ட்டுங்க எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்கு நிக்குது. நீயும் கொஞ்சம் நில்லேன்.”

நிற்கத்தான் போகிறாள். வருகிற வெள்ளிக்கிழமை அரங்கின் பாதுகாப்பு அதிகாரிகளுக்குக் கண், காதுப் பரிசோதனை. கண்ணைப் பற்றிக் கவலை இல்லை. காது தேறாவிட்டால் லேன்களுக்குப் பின்னால் நடக்கும் வேலை போய்விடும். நாத்தனாருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள். நாற்காலி! நினைத்தாலே அவளுக்கு முழங்காலில் எறும்பு ஊறியது.

இத்தனை நாள் எப்படிச் சமாளித்தாள் என்றால், நெருப்பைப் பார்த்துத்தான். குழலுக்குள் எரிந்து தீராத வெடிமருந்து, வாய் வழியாக வெளியே வந்து காற்றைக் கண்டதும் மிச்சத்தை எரித்துத் தீர்க்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் பாதிகூட இருக்காது. இருபத்திரண்டுக்கு அது இருந்ததா இல்லையா என்றே தெரியாது, தீக்குச்சி பற்றாமல் உரசியது போல. ஒன்பதுக்கு ஒரு மஞ்சள் பொட்டு. நாற்பத்தைந்து சோம்பேறி, சிவந்து மங்கலாகக் கொட்டாவி விடும். முப்பத்தெட்டு ரிவால்வர் என்றால் வாயில் மட்டும் இல்லாமல், உருளைக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் இடுக்கிலும் நெருப்பு பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். அரங்குக்கு வழக்கமாக வரும் பல் டாக்டர் ஒருவரின், மருந்து அதிகம் பிடிக்கும் மேக்னம் ரிவால்வர் சுட்டால் பத்து லேன்களின் சுவரும் ஒரு தடவை பகலாகும்.

நெருப்பு வர வேண்டிய இடத்தில் வரவில்லை என்றால் ஏதோ கோளாறு. அதிலும் மோசமான கோளாறு ஒன்று உண்டு. தோட்டாவில் மருந்து குறைந்துபோய், அல்லது இல்லாமலே போய், குண்டு குழலின் பாதியில் சிக்கிக்கொள்ளும். ‘டொம்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வரும். சுட்டவருக்கு அது உறைக்காமல், அடுத்ததையும் சுட்டுவிட்டால், பின்னால் வரும் குண்டு முன்னால் நிற்கும் குண்டில் போய் முட்டும். குழல் வீங்கும், சில நேரம் வெடிக்கும். வெடித்தால் பிடித்திருக்கும் கை முதலில் போகும்.

அந்தப் புஸ்ஸைக் காதால் பிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம். அவள் கண்ணால் பிடித்துக்கொண்டிருந்தாள். இதுவரை பிசகியதில்லை.

அந்தப் புதன்கிழமை மேனேஜர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். சின்ன வயசுக்காரர். எதைச் சொன்னாலும் மேடையில் நின்று சொல்வது போலச் சொல்வார்.

“புதுத் தோட்டா. ஒன்பதும் முப்பத்தெட்டும். நம்ம ஆளுங்க கண் கூசுது, குறி தவறுதுன்னு எத்தனை நாளா புலம்பறாங்க? இதுல நெருப்பே தெரியாது. மருந்து குழலுக்குள்ளேயே எரிஞ்சு முடிஞ்சுடும். இனிமே அரங்குல விக்கறது எல்லாம் இதுதான்.”

எல்லோரும் நல்லது என்றார்கள். வெந்நீரும் நல்லது என்றாள். சொல்லிவிட்டு அட்டைப்பெட்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தாள்.

சாயங்கால உறுப்பினர்கள் வர ஆரம்பித்தார்கள். நான்காம் லேனில் மருந்துக்கடைக்காரர். ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல், புதுத் தோட்டா. அவர் சுட்டார். ஒன்றுமே தெரியவில்லை. இருட்டில் யாரோ விரலைச் சொடுக்கியது போலக்கூட இல்லை. அவளுடைய கை தானாகத் தூணுக்குப் போனது.

“நிறுத்து!”

சிவப்பு விளக்கு. பத்துப் பேரும் துப்பாக்கியை வைத்துவிட்டுப் பின்னால் வந்தார்கள். அவள் போய்ப் பார்த்தாள். குழல் சுத்தம், வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. குறிப்பலகையில் நட்டநடுவில் ஒரு துளை.

“என்னக்கா, நான் நடுவுல அடிச்சது பொறுக்கலையா?” என்றார் மருந்துக்கடைக்காரர். “என் பொண்டாட்டிதான் அப்படின்னு நினைச்சேன், நீங்களுமா?”

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அரங்கில் ஒரு விதி உண்டு. சரியோ தப்போ, ‘நிறுத்து’ என்று சொன்னவரை யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. சொல்கிறவரின் வாயை அடைத்துவிட்டால் அடுத்த தடவை சொல்ல மாட்டார் என்பதற்காக. சிரிக்கக் கூடாது என்று மட்டும் அந்த விதியில் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி. அதே மனிதர், அதே லேன். அவர் இரண்டு குண்டுக்கு நடுவில் சற்று நிதானித்தார். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்திருந்தாள். நெருப்பும் இல்லை, கை தூக்கினதும் சரியாகத் தெரியவில்லை. விளக்கைப் போட்டாள். மறுபடி சுத்தமான குழல்.

இந்தத் தடவை மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. “நான் வேணும்னா வீட்டுக்குப் போயிடட்டுமா, சொல்லுங்க.”

மேனேஜர் அவளைக் கதவுப் பக்கம் கூப்பிட்டார். பக்கத்தில் வந்து பேசினார், அதனால் பாதி காதிலும் மீதி உதட்டிலும் புரிந்தது. “அக்கா, உங்களுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லையா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, வெள்ளிக்கிழமை வரைக்கும் நீங்க கவுண்ட்டர்ல இருங்க. டெஸ்ட் முடிஞ்சு பாத்துக்கலாம்.”

“உடம்புக்கு என்ன சார், குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.”

“குத்துக்கல் நடக்காதுக்கா” என்றார் அவர். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு போனார்.

கதவுக்கு அப்பால் கண்ணாடி வழியாக நாத்தனார் புருவத்தை உயர்த்தி, என்ன என்று கேட்டாள். வெந்நீர் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். இருப்புக் கொள்ளவில்லை. ஒன்றிலிருந்து பத்து, பத்திலிருந்து ஒன்று. மற்ற நாளில் நடை அவளை ஆற்றிவிடும். இன்றைக்கு நடக்க நடக்கச் சூடேறியது. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. லேன்களில் பாதி இருண்டு கிடந்தது. ஆட்கள் சுடுகிறார்கள், தோள் ஆடுகிறது, காகிதம் துளைபடுகிறது, நடுவில் இருக்க வேண்டிய அந்தப் பொட்டு நெருப்பு மட்டும் இல்லை.

சரி, கையைப் பார்ப்போம் என்று முடிவு செய்தாள். குண்டு வெளியே போனால் மணிக்கட்டு மேலே எழும்பித்தான் தீரும். பிடி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஒரு சிறு தூக்கல் இருக்கும். ஒவ்வொருவர் மணிக்கட்டாகப் பார்த்துக்கொண்டு போனாள். பத்து லேன், பத்து மணிக்கட்டு, இரண்டே கண்.

ஏழாம் லேனுக்குப் பல் டாக்டர் வந்தார். அவர் வந்தால் அவளுக்கு நிம்மதி. கண்ணை மூடிக்கொண்டாலும் இமைக்குள் தெரிகிற நெருப்பு அவருடையது. தோட்டாவை அவரே வீட்டில் செய்துகொள்வார். பழைய கூட்டில் புதுக் குண்டு, புது மருந்து. அந்த ரிவால்வரில் மேக்னமும் போடலாம், முப்பத்தெட்டும் போடலாம்.

“அக்கா, இன்னைக்கு உங்களுக்கு வேடிக்கை இல்லை” என்றார், அவள் பார்வையைப் பிடித்து, கத்திப் பேசி. “மேனேஜர் சொன்ன அதே மருந்தை நானும் வாங்கிட்டேன். முப்பத்தெட்டுதான், அதுவும் சாதுவா. வாயைத் திறக்காத நோயாளி மாதிரி இருக்கும்.”

“நீங்களுமா டாக்டர்?” என்றாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

பக்கத்தில் எட்டாம் லேனில் நூலகத்து அம்மா நின்றிருந்தார். புதன்கிழமைதோறும் வருவார், இருபத்திரண்டு பிஸ்டல், அவசரமே இல்லாத சுடுதல். புத்தகத்தைத் திருப்பித் தருகிறவரிடம் பேசுவது போலத்தான் துப்பாக்கியிடமும் நடந்துகொள்வார்.

டாக்டர் சுட ஆரம்பித்தார். ரிவால்வரின் பின்பக்கம் இருக்கும் குதிரையைக் கட்டைவிரலால் இழுத்து வைப்பார், மூச்சை விடுவார், விசையை அழுத்துவார். மணிக்கட்டு எழும்பியது. இரண்டாவது, எழும்பியது. மூன்றாவது, எழும்பியது. வெந்நீர் ஆறாம் லேனைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள்.

அடுத்ததில் கை அசையவில்லை.

அழைப்பு மணியை அழுத்தியவர் போல டாக்டர் நின்றார். துப்பாக்கியை ஒரு கணம் பார்த்தார். தோட்டா சாதுவானது என்று அவரே சொன்னாரே, சாதுவாகப் போயிருக்கும். கண் மறுபடி குறிப்பலகைக்குப் போனது. கட்டைவிரல் குதிரையைத் தேடியது.

வெந்நீருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் ஓடாதது அவள் வாழ்நாளில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். தூண் கைக்கெட்டும் தூரம். கை அசையாததைப் பார்த்தாளா, பார்த்ததாக நினைத்துக்கொண்டாளா? நான்காம் லேனிலும் இப்படித்தானே நினைத்தாள்? விளக்கைப் போட்டு, குழல் சுத்தமாக இருந்துவிட்டால், கதை முடிந்தது, சாயங்காலமே நாற்காலி. மருந்துக்கடைக்காரர் முகம், மேனேஜர் முகம், எல்லாம் வரிசையாக வந்தன. குதிரை பின்னுக்கு வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எட்டாம் லேனைப் பார்த்தாள். நூலகத்து அம்மா தன் பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டிருந்தார். டாக்டரைப் பார்க்கவில்லை. நேராக வெந்நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் பாதி திறந்து, ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருக்கிறவரின் முகம்.

“நிறுத்து!”

தொண்டை கிழிந்தது. விளக்கின் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள். அதோடு விடாமல் பாய்ந்து டாக்டரின் முழங்கையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள், துப்பாக்கி வாய் குறிப்பலகைப் பக்கமே இருக்கும்படி. “விரலை எடுங்க டாக்டர். விரலை எடுங்க.”

“எடுத்துட்டேன், எடுத்துட்டேன். என்னக்கா, நானும் நடுவுல அடிச்சுட்டேனா?”

பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். அவள் சொன்னபடி டாக்டர் குதிரையை மெல்ல இறக்கி, உருளையைத் திறந்து தோட்டாக்களை மேசையில் கொட்டினார். அவள் ஒரு மெல்லிய பித்தளைக் கம்பியை எடுத்துக் குழலின் வாய் வழியாக விட்டாள். பாதி போயிற்று. நின்றது. கொஞ்சம் தட்டினாள். சுவரில் மோதியது போல நின்றது.

சிரிப்பு நின்றதைக் கேட்க அவளுக்குக் காது தேவைப்படவில்லை.

டாக்டர் கம்பியைத் தானே ஒரு தடவை விட்டுப் பார்த்தார். பிறகு துப்பாக்கியை வைத்துவிட்டு வலது கையை முகத்துக்கு நேராகத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல. “நேத்து மருந்து போட்டுக்கிட்டிருக்கும்போது போன் வந்தது” என்றார். “ஒண்ணுல போடாம விட்டுட்டேன் போல. நாளைக்குக் காலையில இதே கையால ஒருத்தருக்குக் கடைவாய்ப்பல் எடுக்கணும்.” அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் ஓடி வந்தார். நடந்ததைக் கேட்டார். முகம் வெளுத்து, பிறகு சிவந்து, பிறகு மேடைக்கு ஏறியது. “பாருங்க எல்லாரும்! இதுக்குத்தான் அனுபவம் வேணுங்கறது. பத்து லேன் சத்தத்துக்கு நடுவுல ஒரு புஸ்ஸைப் பிடிச்சிருக்காங்க. பாம்புக் காதுக்கா உங்களுக்கு!” கைதட்டினார்; மற்றவர்களும் தட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் வந்து, “அக்கா, நான் வீட்டுக்குப் போயிடட்டுமான்னு கேட்டதை மறந்துடுங்க” என்றார். மேனேஜர் அவள் காதருகே குனிந்தார். “வெள்ளிக்கிழமை டெஸ்ட் எல்லாம் மத்தவங்களுக்கு. உங்களுக்கு நானே தேறினதா எழுதிக் கொடுத்துடறேன். போங்க, டீ குடிங்க.”

உயிர் போய் உயிர் வந்தவளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நாற்காலி தானாக விலகிப் போய்விட்டது.

நூலகத்து அம்மா கிளம்பிக்கொண்டிருந்தார். வெந்நீர் அவரை வாசல் நடையில் பிடித்தாள். “மேடம், உங்களுக்குக் கேட்டுச்சா?”

“எது, அந்த புஸ்ஸா? நல்லா கேட்டுச்சே. எல்லாருக்கும் கேட்டிருக்கும்.” அவர் பையை மூடினார். “நான்தான் கத்தியிருக்கணும். ஆனா முன்னாடி நீங்க நிறுத்தினப்போ எல்லாரும் சிரிச்சாங்களா, எனக்குக் கொஞ்சம் கூச்சமா போச்சு. அப்புறம், நீங்க இருக்கீங்களேன்னு நெனச்சேன். உங்களுக்குக் கேக்காததா எங்களுக்குக் கேட்டுடப் போகுது?” சிரித்தார். “ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டீங்க?”

வெந்நீர் அவருக்காகக் கதவைத் திறந்துவிட்டாள். அந்தம்மா போன பிறகும் நடையில் நின்றாள். பிறகு நடந்தாள். கழிப்பறை வரை, தண்ணீர்க் குழாய் வரை, மறுபடி கழிப்பறை வரை. எல்லாருக்கும் கேட்டிருக்கும். கேட்ட ஒவ்வொருத்தரும் இவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

நாத்தனார் இரண்டு கையிலும் டீயோடு வந்தாள். “குடிங்க அண்ணி. இன்னைக்கு நீங்கதான் ராணி. உட்கார்ந்து குடிக்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.”

“எனக்குக் கேக்கலடி.”

“டீயைக் குடிங்க அண்ணின்னேன்.”

“அது கேட்டுச்சு. அந்த புஸ் கேக்கல. அந்தம்மா மூஞ்சியைப் பாத்துத்தான் நிறுத்தினேன்.”

நாத்தனார் அதிர்ச்சி எதையும் காட்டவில்லை. டீயை ஊதினாள். “எனக்குத் தெரியும்.”

“எப்போலேருந்து?”

“உங்க முதுகுக்குப் பின்னால உங்களைப் பத்திப் பேசினேன், நீங்க திரும்பிப் பாத்துச் சண்டைக்கு வரல. அன்னைலேருந்து.”

“என்னடி பேசின?”

“அதை விடுங்க, இப்பச் சொன்னா கேட்டுடும்.” நாத்தனார் குரலைத் தாழ்த்தவில்லை, அவளுக்காக வாயை நன்றாகத் திறந்து பேசினாள். “அவரே டெஸ்ட் வேண்டாங்கறாரு. வாயை மூடிக்கிட்டு இருங்க அண்ணி. கவுண்ட்டர்ல என் பக்கத்துல உங்களை உட்கார வெச்சா, ரெண்டு நாள்ல நாற்காலியும் உடையும், நானும் உடைவேன். உங்க கண்ணே போதும். இத்தனை நாள் ஓடலையா?”

“இத்தனை நாள் நெருப்பு இருந்துச்சு.”

“இப்ப கையைப் பாருங்க.”

“பாத்தேன். பாத்துட்டுத்தான் நின்னேன்.” அவள் டீயைக் கீழே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். “அந்த மனுஷன் குதிரையை இழுக்கறாரு. நான் நாற்காலியை நெனச்சுக்கிட்டு நிக்கறேன். அந்தம்மா வேற பக்கம் பாத்திருந்தா? இன்னைக்கு வராம இருந்திருந்தா?”

நாத்தனார் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு.

மேனேஜர் வீட்டுக்குக் கிளம்பும்போது வெந்நீர் அவர் வண்டிக்குக் குறுக்கே போய் நின்றாள். “சார், நீங்க எதுவும் எழுத வேண்டாம். நான் வெள்ளிக்கிழமை போறேன்.”

“எதுக்குக்கா? சும்மா ஒரு சம்பிரதாயம்.”

“சம்பிரதாயத்துக்கே போறேன். அதுவரைக்கும் லேனுக்கு வேற ஆளைப் போடுங்க.”

அவருக்குப் புரியவில்லை. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். அவளுக்கு அது கேட்கவில்லை, உதடும் தெரியவில்லை. தலையை ஆட்டிவைத்தாள்.

அன்று இரவு கணவரிடம் சொன்னாள். அவர் மாடி ஏறாமல் நேராகவே பேசினார். “நான் கூட வரேன்.” வேண்டாம் என்றாள். யாராவது கூட உட்கார்ந்திருந்தால் தானும் உட்கார வேண்டியிருக்கும் என்று பயம்.

பரிசோதனை அறை ஒரு பெட்டி. சுவர் முழுக்கப் பஞ்சு, ஒரு நாற்காலி, எதிரில் ஒரு கண்ணாடி ஜன்னல், அதற்கு அப்பால் ஒரு இளம்பெண்ணும் அவளுடைய கருவியும். ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, “சத்தம் கேட்டா அழுத்துங்கம்மா, எவ்வளவு மெல்லிசா இருந்தாலும்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வெளியே போய் உட்கார்ந்தாள்.

முதலில் கேட்டது. தடித்த, அடிவயிற்றுச் சத்தங்கள். அழுத்தினாள். கொஞ்சம் மெலிந்தது. அழுத்தினாள். பிறகு ஒன்றுமில்லை. ரீங்காரம் மட்டும், அது சொந்தச் சரக்கு. எவ்வளவு நேரம் ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. கால் நாற்காலிக்கு அடியில் தவித்தது.

கண்ணாடிக்கு அப்பால், கருவியை அழுத்திய அந்தப் பெண்ணின் தோள் லேசாக இறங்கியது. வெந்நீரின் கட்டைவிரல் அழுத்தியது.

அந்தப் பெண் திருப்தியாகத் தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டாள். மறுபடி தோள் இறங்கியது, முழங்கை ஒரு துளி நகர்ந்தது. வெந்நீர் அழுத்தினாள். அழுத்திய பிறகுதான் தான் செய்வது என்ன என்று அவளுக்கே தெரிந்தது. இவ்வளவு எளிதா! பத்து மணிக்கட்டு பார்த்தவளுக்கு ஒரு தோள். இப்படியே போனால் பிறந்த குழந்தையின் காது என்று எழுதிக் கொடுப்பார்கள். திங்கட்கிழமை சிவப்பு மேலங்கி, ஒன்றிலிருந்து பத்து, பத்திலிருந்து ஒன்று. தோள் மறுபடி இறங்கியது. கட்டைவிரல் துடித்தது. அவள் பொத்தானை மடியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

கதவு திறந்தது. “என்னம்மா, இன்னும் முடியலையே? நல்லாத்தான் போய்க்கிட்டிருந்தது.”

“அதான்மா பிரச்சினை” என்றாள் வெந்நீர். நாற்காலியை இழுத்து, கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டாள். அதன் கால் தரையில் இழுபட்டது. பல் கூசுகிற சத்தமாக இருந்திருக்க வேண்டும், அந்தப் பெண் முகத்தைச் சுளித்தாள். “முதல்லேருந்து ஆரம்பி. இப்ப எழுதினதை அடிச்சுடு.”

உட்கார்ந்தாள். எதிரில் பஞ்சுச் சுவர், பார்க்க ஒன்றுமில்லை. பொத்தானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டாள்.